பகல் தூக்கம்

பாடை ரயில்வே கேட்டுக்கு முப்பதடி தூரத்தில் வரும்போது மணி அடித்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கம்பம் மேலேயிருந்து இறங்கத் தொடங்கியது.

முன்னால் கொள்ளிச் சட்டியோடு நடந்துகொண்டிருந்த தனசேகர் திரும்பி அப்பா சுப்பனைப் பார்த்தான். பாடையைத் தூக்கி வந்த நான்கு பேரும் நடையை எட்டிப் போட்டார்கள். கொஞ்சம் ஓடினால் கம்பத்துக்குக் கீழே நுழைந்துவிடலாம் என்று நாலு பேர் மனசிலும் ஒரே எண்ணம். ஈச்சங்குப்பத்து ஆட்கள் பிறந்ததிலிருந்து தண்டவாளத்தை அப்படித்தான் தாண்டி வந்திருக்கிறார்கள்.

சுப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து பாடைக்குக் குறுக்கே நின்றார்.

"நில்லு."

முன்பக்கத்து மூங்கிலைத் தோளில் வைத்திருந்த ஜேம்ஸ் அவருடைய பக்கத்துக் குடிசைக்காரன். முப்பது வயசு இருக்கும். அவனால் நிற்கவும் முடியவில்லை, அவரை இடித்துக்கொண்டு போகவும் முடியவில்லை.

"மாமா, இன்னும் முச்சூடா எறங்கல. ஜல்தியா போனா பூந்துடலாம்."

"பூந்து போறதுன்னா அவ ஏழு வருசம் இன்னாத்துக்குடா அலைஞ்சா?"

அதற்குள் கம்பம் முழுக்க இறங்கி, எதிர்ப்பக்கத்துத் தாங்கியில் உட்கார்ந்து பூட்டிக்கொண்டது. பாடையின் மேல் சுப்பனின் மனைவி லோகநாயகி மல்லாந்து கிடந்தாள். நெற்றியில் ஒட்டிய காசு வெயிலில் மின்னியது. மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட் அறையிலிருந்து ஜெஸ்ஸி இறங்கி வந்தாள். கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டியபடி இருந்தன. இந்தக் கேட் தை மாதம் திறந்ததிலிருந்து பகல் வேலையில் இருப்பவள் அவள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உடம்பைக் கும்பிட்டாள். பிறகுதான் பேசினாள்.

"ரெண்டு வண்டி இருக்கு பெரிப்பா. கூடூர்லேர்ந்து ஒரு எக்ஸ்பிரஸ், மெட்ராஸ்லேர்ந்து ஒரு கூட்ஸ். சிக்னல் குடுத்தாச்சு. இனிமே நானே நெனச்சாலும் கம்பம் தூக்காது."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"இருபது, இருபத்தஞ்சு நிமிசம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டிலிருந்து தூக்கிய உடம்பை அரிச்சந்திரன் கல்லுக்குப் போய்ச் சேரும் வரை கீழே வைக்கக் கூடாது. வைத்தால் வைத்த இடம் இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது ஊர் வழக்கம். அந்தக் கல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மேட்டு நிலத்தில், சுடுகாட்டு வாசலில் இருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் ஆவணி வெயிலில் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். லோகநாயகி ஒல்லிதான். இருந்தாலும் பச்சை மூங்கிலும் மாலைகளும் சேர்ந்தால் கனம் கனம்தான்.

"தோள மாத்திக்கினு நில்லுங்க," என்றார் சுப்பன். "தொறந்தப்புறம் போலாம்."

வயசான ஒருவர், குனிந்து போனால் தப்பில்லை, செத்தவளுக்குத் தெரியவா போகிறது என்றார். சுப்பன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இந்த இடத்தில் முன்பு கேட்டே கிடையாது. தண்டவாளத்தின் மேல் ஒரு மண் பாதை ஏறி இறங்கும், அவ்வளவுதான். காவலுக்கு ஆள் இல்லாத பாதை என்பதால் இரண்டு பக்கமும் அரை மைல் தள்ளி ஒரு மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள். அந்தப் பலகையைக் கண்டால் டிரைவர் ஊத வேண்டும். பலகையிலிருந்து பாதை வரைக்கும் விடாமல் ஊதிக்கொண்டே வருவான். பாதையின் இரண்டு பக்கமும்தான் ஈச்சங்குப்பத்தின் அறுபது வீடுகள்.

மற்ற ஊராக இருந்தால் பகலில் ஊதினால் யாருக்கு என்ன? ஆனால் ஈச்சங்குப்பத்துக்குப் பகல்தான் ராத்திரி. ஆணும் பெண்ணும் பொழுது சாயும்போது ஏரியில் இறங்குவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் தடவி, இறாலும் நண்டும் பிடித்து, விடியும்போது கரையேறுவார்கள். பிடித்ததை விற்றுவிட்டு, சோறு தின்று, ஒன்பது மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரைக்கும் தூக்கம். அந்தத் தூக்கம் கெட்டால் ராத்திரி கை மரத்துப் போகும். கை மரத்துப் போனவனுக்குச் சேற்றுக்குள் இருப்பது இறாலா கெளுத்தியா என்று தெரியாது. அப்படித்தான் லோகநாயகி ஒரு நாள் கெளுத்தியைப் பிடித்தாள். முள் உள்ளங்கையில் ஏறி, கை தோள்பட்டை வரைக்கும் வீங்கி, ஒரு மாதம் வீட்டில் கிடந்தாள். அந்த ஒரு மாதமும் தூங்க முடியாமல் பகலெல்லாம் ரயிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை சரியானதும் முதல் வேலையாக டிரைவரைப் பார்க்கப் போனாள்.

சிக்னலுக்காக நின்றிருந்த ஒரு கூட்ஸ் வண்டி. இஞ்சினுக்குக் கீழே போய், கால் கட்டிய பச்சை நண்டு ஒரு கூடை நிறைய நீட்டி, நாங்கள் பகலில் தூங்குகிற ஜனம், ஊதாமல் போப்பா என்று கேட்டாள். டிரைவர் வடக்கத்திக்காரன். நண்டு மட்டும் புரிந்தது. வாங்கி வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வருகிற போதெல்லாம் நன்றி மறக்காமல், பலகைக்கு முன்னாலிருந்தே ஆரம்பித்து, ஊரைத் தாண்டிப் போன பிறகும் ஊதி, கையும் ஆட்டிவிட்டுப் போனான். ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. இன்னும் ஒரு கூடை குடுத்தா இங்கேயே வண்டிய நிறுத்தி ஊதுவான் என்று முதலில் சொன்னவர் சுப்பன்தான்.

சுப்பனுக்கு வேறு வழிதான் தெரியும். ஒரு நாள் கடப்பாரையோடு போய் இரண்டு பலகையையும் பிடுங்கி ஓடைக்குள் போட்டுவிட்டு வந்தார். டிரைவர்கள் பழக்கத்தில் ஊதிக்கொண்டுதான் போனார்கள். ரயில்வே போலீஸ் வந்து அவரை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து அனுப்பியது. அன்றைக்கு லோகநாயகி அவரிடம் சண்டை போடவில்லை. பலகையைப் பிடுங்கினால் ஊதல் நிற்காது, கேட் வந்தால்தான் நிற்கும் என்று ஒரு ரயில்வே ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். கேட் வேண்டும், அதில் ஆள் வேண்டும், கேட் மூடாமல் சிக்னல் விழாதபடி பூட்டு வேண்டும். அது மூன்றும் இருந்தால் ஊத வேண்டிய அவசியமில்லை. பாதையில் ஆளோ மாடோ கண்ணில் பட்டால் மட்டும் ஊதுவார்கள். இவ்வளவையும் அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

ஏழு வருசத்தில் ஏழு மனு. திங்கட்கிழமை தோறும் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினாள். முதலில் ஒரு அதிகாரி சத்தம் அளக்கிற கருவியோடு வந்தார். வந்தது ராத்திரி பதினோரு மணிக்கு. ஊரே ஏரிக்குள் இருந்தது. நாய்களைத் தவிர ஆளில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். லோகநாயகி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்கே போனாள். அடுத்த முறை பகலில் வரவழைத்தாள். வந்தவரை வெயிலில் நிற்க வைக்கவில்லை. தன் வீட்டுக்குள் பாயை விரித்துப் படுங்க சார் என்றாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்தார். மின்விசிறிக் காற்றில் கண் செருகிய நேரத்தில் வண்டி வந்தது. மனுஷன் எழுந்த வேகத்தில் தலை தகரக் கூரையில் இடித்தது. அதற்குப் பிறகுதான் பைல் நகர்ந்தது.

ஊரில் நூற்று நாற்பது பேர் அந்த மனுக்களில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். சுப்பன் வைக்கவில்லை. சின்ன வயசில் பட்டா வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் நீட்டிய காகிதத்தில் கட்டைவிரலை வைத்தார். வலை உலர்த்துகிற நிலம் இறால் பண்ணையாகிப் போனது. அதிலிருந்து காகிதம் என்றாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். லோகநாயகி வற்புறுத்தியதில்லை. ஏழு மனுவிலும் தன் பேருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கான இடத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்துதான் மற்றவர்களை வைக்கச் சொன்னாள். அந்த இடம் ஏழு தடவையும் காலியாகவே திருவள்ளூருக்குப் போனது.

கேட் வந்தது. திறப்பு விழா அன்றைக்கு ரிப்பன் வெட்டினவர் விஜயராகவன். ரோட்டுப் பக்கத்தில் மனை போட்டு விற்கிறவர். கடைசி வருசத்தில் ஒரு முறை மனுவோடு கூட வந்தார். ரயில் சத்தம் இல்லாத மனை என்று இப்போது பேனர் கட்டியிருக்கிறார். பேனரில் அவர் படம் பெரிசாக இருக்கும். இது இன்னா ரவுசு என்று சுப்பன் குதித்தபோது, கேட்டு வந்துச்சா இல்லியா, அத்த பாரு என்று லோகநாயகி சொல்லிவிட்டாள். முதல் பத்து நாள் அவள் தூங்காமல் கேட் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எந்த வண்டியாவது ஊதினால் ஜெஸ்ஸியைப் பிடித்து ஸ்டேஷனுக்குப் போன் போட வைப்பாள். பதினோராம் நாள் வந்து படுத்தாள்.

"பாத்து நில்லுங்கப்பா," என்று ஜெஸ்ஸி கத்திக்கொண்டிருந்தாள்.

நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. இரண்டு பைக்குகள் சாய்ந்து சாய்ந்து கம்பத்துக்குக் கீழே நுழைந்து போயின. அவர்களைப் பார்த்து ஊர் இளசுகள் சிலர் உள்ளே போய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்கள். வெடி வைக்கிறவன் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு அந்தப் பக்கமே போய்விட்டான். மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

கூடூர் வண்டி வளைவில் தலையைக் காட்டியதுதான் தாமதம். டிரைவர் கூட்டத்தைப் பார்த்திருக்கிறான். ஊதினான். பழைய ஊதல். வளைவிலிருந்து கேட் வரைக்கும், கேட்டைத் தாண்டியும், மூச்சு விடாமல். பாடையைத் தூக்கியவர்கள் காதைப் பொத்தக் கை இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்கள். வண்டியின் காற்றில் லோகநாயகியின் நெஞ்சின் மேல் போட்டிருந்த மாலை புரண்டு கழுத்துக்கு வந்தது.

வண்டி போன பிறகு சுப்பன் பாடைக்குக் கிட்டே போனார். பிறகு மாலையை எடுத்துச் சரிப்படுத்தினார். அவளுடைய வலது உள்ளங்கை தெரிந்தது. கெளுத்தி குத்தின தழும்பு அங்கே ஒரு வெள்ளைப் புள்ளியாக இருந்தது.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு அவள் கரையேறினாள். நண்டைப் போட்டுவிட்டு வந்து ஒன்பது மணிக்குப் படுத்தாள். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ராத்திரியெல்லாம் தண்ணீரில் நின்றது, தூங்கினால் சரியாகும் என்றார் சுப்பன். அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து கிழிந்த இறால் பறியைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐஸ்காரன் மணியை ஆட்டிக்கொண்டு வந்தான். உள்ளே ஆள் தூங்குது என்று அவனைத் துரத்தினார். பக்கத்து வீட்டில் அம்மி அரைத்தார்கள். அதையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு மணிக்கு மருமகள் மஞ்சு வந்து, அத்தை இன்னும் எழுந்திருக்கவில்லையே என்றாள். எவ்வளவு நாள் தூக்கம் பாக்கி இருக்குது, தூங்கட்டும் விடு என்றார். மூன்று மணிக்கும் அதையே சொன்னார். நாலு மணிக்கு மஞ்சு அவரைக் கேட்காமல் உள்ளே போனாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார். பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வண்டிகள் வந்தும் போயும் இருந்தன. ஒன்றுகூட ஊதவில்லை.

"இப்ப போயிடலாம் நைனா," என்றான் தனசேகர். சட்டியிலிருந்து புகை அவன் கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது. "ஒரு வண்டி போயிடுச்சி. கூட்ஸ் வர்றதுக்கு இன்னும் பதினஞ்சி நிமிசம் கீது. குனிஞ்சி தூக்கினா ரெண்டு நிமிசத்துல அந்தாண்ட போயிடலாம்."

நான்கு பேரும் தயாராக முட்டியை மடித்தார்கள். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து விஜயராகவன் வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்தார். அவருடைய கார் அந்தப் பக்கத்து வரிசையில் நின்றது. ஆளுயர ரோஜா மாலை ஒன்றைப் பாடையில் சாத்தினார். பெரிய மனுஷி, நம்ம ஏரியாவுக்கே பெரிய இழப்பு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு சுப்பனிடம் வந்தார். ரயில்வேயில் தனக்கு வேண்டியவர் இருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் கூட்சை அங்கேயே நிறுத்திவிட்டு கேட்டைத் திறந்துவிடுவார்கள், இந்த அம்மாவுக்கு இதுகூடச் செய்யவில்லை என்றால் எப்படி என்றார்.

அவர் மனசாரத்தான் சொன்னார். சுப்பனுக்கும் அது தெரிந்தது.

"வேணாம்."

"ஒரு நிமிசம் பெரியவரே, ரிங் போவுது."

"வெச்சிடு போன," என்றார் சுப்பன். "வண்டி வந்தா மூடணும், போனா தொறக்கணும். அவ கேட்டது அதான். இவளுக்கோசரம் ஒரு தபா தொறந்தா, அப்புறம் ஆளாளுக்குத் தொறக்கச் சொல்லுவீங்க. அப்புறம் அவன் ஊதாம இன்னா பண்ணுவான்?"

விஜயராகவன் போனை அணைத்துவிட்டு ஒதுங்கினார். ஒதுங்காதவன் தனசேகர்தான். அம்மா செத்ததிலிருந்து அழாதவன். சட்டியை இறக்கி வைக்கவும் முடியாமல், கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு நேராக வந்தான்.

"அம்மாவ வெயில்ல நிறுத்தி வெச்சிக்கினு யாருக்கு இன்னா காட்ற நைனா? அவ உசிரோட கீறப்ப ஒரு கைநாட்டு வெச்சியா நீ? ஒரு தபா கூடப் போனியா? இப்ப வந்து அவ கேட்டு, அவ கேட்டுன்றே."

கேட் எல்லையோடு நின்றுவிட வேண்டிய பெண்கள் கூட்டத்தில் மஞ்சு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இனிமேல் கிழவர் கையை ஓங்குவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முன்பானால் ஓங்கியிருப்பார்.

"வெக்கல," என்றார் சுப்பன்.

ஜேம்சிடம் போனார். "எறங்கு" என்றார். அவனுக்குப் புரியவில்லை. அவன் தோளிலிருந்த மூங்கிலுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து, அவனை வெளியே தள்ளினார். பெண்டாட்டியின் பாடையைப் புருஷன் தூக்குகிற வழக்கம் ஈச்சங்குப்பத்தில் கிடையாது. கூட்டத்தில் யாரோ அதைச் சொல்லவும் செய்தார்கள். அவர் தோளில் மூங்கில் ஏறியவுடன் பாடை அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. கால் விரல்களைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். அறுபத்தெட்டு வயசு. பாடை மட்டத்துக்கு வந்தது.

அங்கே நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பத்துக்கு உள்ளே நின்றவர்களை வெளியே வரச் சொன்னார். வெடிக்காரனைச் சரத்தைச் சுருட்டச் சொன்னார். கேட்டுக்கு முன்னால் தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு கால்கூட இருக்கக் கூடாது என்றார். குரலை உயர்த்தவில்லை. கனத்தைத் தாங்கிக்கொண்டு பேசியதால் ஒவ்வொரு சொல்லும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. ஜேம்ஸ் போய் இளசுகளைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"மேளத்த நிறுத்து," என்றார் கடைசியாக.

மேளக்காரர்களில் மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. பாதி வழியில் மேளத்தை நிறுத்தினால் போகிற உயிர் வழி தெரியாமல் நிற்கும் என்றார். முப்பது வருசமாக அடிக்கிறேன், எந்தச் சாவிலும் நிறுத்தியதில்லை என்றார்.

"அவளுக்கு வழி தெரியும்," என்றார் சுப்பன். "நீ கம்முனு இரு."

பெண்கள் ஒப்பாரியைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கம்பத்துக்குக் கீழே தலையை நீட்டியிருந்த ஒருவன் பைக்கைக் காலால் உந்திப் பின்னால் போனான். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. ஒரு மைனா கல் மேல் தத்திக்கொண்டிருந்தது. அதை யாரோ சூ என்று விரட்டப் போனார்கள், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிடம் அப்படியே நின்றார்கள். சுப்பனின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. பின்பக்கத்து மூங்கிலைத் தூக்கியிருந்தவன் மாற்று ஆளைக் கூப்பிட்டு மாறிக்கொண்டான். சுப்பனிடம் ஒருவன் வந்து நின்றான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் திரும்பிப் போனான். தனசேகர் சட்டியோடு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். புகை அவர் பக்கம் போகாதபடி சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

தண்டவாளம் முதலில் முனகியது. ஜெஸ்ஸி அறைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி, பச்சைக் கொடியை விரித்து, கையை நேராக நீட்டிப் பிடித்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாக இருக்கலாம்.

மெட்ராஸ் பக்கத்திலிருந்து இஞ்சின் தெரிந்தது. கிட்டே வரவர டிரைவரின் முகமே தெரிந்தது. சின்னப் பையன், மீசை அப்போதுதான் முளைத்தவன் மாதிரி. கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். பாடையைப் பார்த்தான். அவன் கை மேலே போனதைச் சுப்பன் பார்த்தார். ஊதுகிற பிடி அங்கேதான் இருக்கும்.

டிரைவர் அந்தக் கையால் தொப்பியை எடுத்தான்.

இஞ்சின் தாண்டியது. பின்னால் வேகன்கள் வந்தன. கரி ஏற்றிய வேகன்கள், ஒன்று, இரண்டு, ஐம்பதுக்கு மேல். சக்கரங்கள் தட்டுகிற சத்தம், இரும்பு உரசுகிற சத்தம், காற்று. ஊரின் தகரக் கூரைகள் அதிர்ந்தன. அது எப்போதும் இருக்கிற அதிர்வு, ஈச்சங்குப்பத்துப் பிள்ளைகள் அதிலேயே தூங்கி வளர்ந்தவர்கள். கடைசி வேகன் போனது. அதன் பின்னால் தொங்கிய சிவப்புப் பலகை சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது.

ஊதவில்லை.

அறைக்குள் ஜெஸ்ஸி போனில் ஸ்டேஷனுக்கு வண்டி போய்விட்டதென்று சொல்வது கேட்டது. ஒரு மணிச் சத்தம். கம்பத்தின் பூட்டு விடுபட்டது. கம்பம் ஒரு முறை குலுங்கி, மெதுவாக, நேராக, மேலே போய் நின்றது.

"போலாமா நைனா?" என்று கேட்டான் தனசேகர்.

சுப்பன் காலை எடுத்து வைத்தார். பாடை நகர்ந்தது. பெண்கள் கேட்டோடு நின்றார்கள். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டு, கிழவரின் முதுகைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டார். தண்டவாளங்களுக்கு நடுவில் பதித்த சிமெண்டுப் பலகைகள் வெறுங்காலைச் சுட்டன. பின்னால் தூக்கியவர்கள் அவசரப்பட்டார்கள், மறுபடி மணி அடித்துவிடுமோ என்கிற பயம். அவர் அவர்களுடைய அவசரத்துக்கு இடம் கொடுக்காமல், ஏரியில் ஆள் நடக்கிற மாதிரி, காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து நடந்தார்.

எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. விஜயராகவன் முன்னாலேயே ஓடிப் போய்க் காரில் ஏறியிருந்தார். சாவுக்கு வழி விடச் சொல்லி முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவை ஒதுக்கப் பார்த்தார். ஆட்டோக்காரன் கவனிக்கவில்லை. விஜயராகவன் ஹாரனை அழுத்தினார். ஒரு முறை அழுத்தி, அவன் நகராததால் கையை எடுக்காமல் அழுத்தினார்.

தண்டவாளத்தைத் தாண்டிப் பாதையின் நடுவில் சுப்பன் நின்றார். அவர் நின்றதால் பாடை நின்றது. பாடை நின்றதால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். அவர் கண் காரின் மேல் இருந்தது.

ஹாரன் நின்றது. ஆட்டோக்காரன் என்ன நடக்கிறது என்று புரியாமல் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் அணைத்தான். பிறகு பின்னால் நின்ற லாரி. கடைசியாகக் கார்.

அதற்கப்புறமும் சுப்பன் உடனே நடக்கவில்லை. தூங்குகிறவளை எழுப்ப மனசில்லாதவர் மாதிரி நின்றார்.